கடல் வேலை என்று தேடி மூன்றரை வருடம் தொலைத்தேன்

இறந்துபோன கடற்பறவை ஒன்றின் வயிற்றைத் திறந்து காட்டிய புகைப்படம் அது. உள்ளே பாட்டில் மூடிகள், ஒரு லைட்டர், பல்துலக்கியின் உடைந்த கைப்பிடி. எனக்கு அப்போது 17 வயது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் வீட்டில், "நான் சுற்றுச்சூழல் பொறியியல்தான் படிக்கப் போகிறேன், கடலுக்காக வேலை செய்யப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த முடிவில் தப்பில்லை. இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் அங்கு வந்து சேர்வதற்குள் மூன்றரை வருடத்தையும், பிறகு 6 வருடம் தவணை கட்டிய ஒரு கடன் தொகையையும் இழந்தேன். என்னைவிடச் சின்னவர்கள் யாராவது அதே புகைப்படத்தைப் பார்த்துவிட்டு அதே பாதையில் இறங்கக்கூடும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு கல்லூரியிலேயே ஆரம்பித்தது. இளநிலையில் எங்களுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு இரண்டு பருவத்துக்கு இருந்தது. தொட்டியின் கொள்ளளவு, காற்றின் அளவு, சேறு எத்தனை நாள் தங்க வேண்டும் என்று கணக்குப் போடும் பாடம். இதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து, தேர்ச்சி பெறும் அளவுக்கு மட்டும் படித்தேன். பவளப்பாறை, எண்ணெய்க் கசிவு, பிளாஸ்டிக் என்றால் நூலகம் மூடும் வரை உட்கார்ந்திருப்பேன். 1989ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டிய கதை எனக்கு மனப்பாடம். அந்தக் கரையைச் சூடான நீரைப் பீய்ச்சிக் கழுவியபோது, எண்ணெயில் தப்பிப் பிழைத்த உயிர்களும் செத்தன என்பது வரைக்கும் தெரியும். ஆனால் ஒரு ஊரின் சாக்கடை கடலில் கலப்பதற்கு முன் அதிலிருந்து நைட்ரஜனை எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. கடலுக்கு எது அதிகம் தேவைப்பட்டது என்று இப்போது யோசித்தால் மனசு வலிக்கிறது.

படிப்பு முடிந்ததும் ஒரு கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டினேன். 11 வாரம் கடலில் இருந்து பிளாஸ்டிக் துகள் மாதிரிகள் சேகரிக்கும் தன்னார்வப் பணி என்று சொன்னார்கள். தன்னார்வலர்தான் பணம் கட்ட வேண்டும். இரண்டு வருடம் டியூஷன் எடுத்துச் சேர்த்ததெல்லாம் அதில் போனது. கடல் அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வலையை இழுப்போம், சல்லடையில் கொட்டுவோம், இடுக்கியால் துகள்களைப் பொறுக்கிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு எழுதி ஒட்டுவோம். இறங்கிய பிறகு அந்தக் குப்பிகள் என்னாயின என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. அந்தத் தரவை யார் ஆய்வு செய்யப் போகிறார்கள், எங்கே வெளிவரும் என்று கிளம்பும் முன்பே கேட்டிருக்க வேண்டும். பணம் கட்டிப் போகிற எந்தக் களப்பணியாக இருந்தாலும் இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அதைச் சுற்றுலா என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா போவதில் தவறில்லை. வேலை அனுபவம் என்று நம்பிச் சேமிப்பைக் காலி செய்வதுதான் தவறு.

அடுத்தது முதுநிலை. அதன் பெயரில் "கடல்" என்ற சொல் இருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. கடன் வாங்கி 2 வருடம் படித்தேன். பாடத்தில் சர்வதேச ஒப்பந்தங்கள் நிறைய வந்தன: கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1972ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கை, கப்பல் மாசுக்கான மார்போல், கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீர் பற்றி 2004ல் எழுதி 2017ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் அந்த 2 வருடத்தில் ஒரு பம்ப் எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு நீரைத் தள்ளும் என்று காட்டும் வளைகோட்டைக்கூட நான் பார்க்கவில்லை. ஒரு ஆய்வகச் சோதனையைக்கூட என் கையால் முழுதாகச் செய்யவில்லை. கொள்கை எழுதும் பணிக்குப் போக விரும்புகிறவருக்கு அந்தப் படிப்பு பொருந்தியிருக்கும். நான் பொறியாளர் ஆக நினைத்தேன். படிப்பின் பெயரை விட்டுவிட்டு, பாடத்திட்டத்தை வரிவரியாகப் படித்திருக்க வேண்டும். நீர் வேதியியல், நுண்ணுயிரியல், நீரோட்ட இயக்கவியல், சுத்திகரிப்புச் செயல்முறைகளின் வடிவமைப்பு, புள்ளியியல் ஆகிய ஐந்தும் இருக்கிறதா? கையால் செய்யும் ஆய்வகம் இருக்கிறதா? கடந்த சில வருடங்களில் அங்கே படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன பதவியில் இருக்கிறார்கள்? துறையின் விளம்பரத் தாளை நம்பாமல், பழைய மாணவர்கள் நாலு பேரிடம் நேரடியாகப் பேசுங்கள். இன்னொன்று, பொறியாளர் என்று கையெழுத்திட உரிமம் தேவைப்படும் இடங்களில் எந்தப் பட்டத்தை ஏற்கிறார்கள் என்று சேரும் முன்பே விசாரியுங்கள். பட்டம் கைக்கு வந்த பிறகு கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு 14 மாதம் வேலையில்லை. அறுபதுக்கு மேல் விண்ணப்பம் போட்டேன். கடல் பாதுகாப்பு அமைப்புகளில் பொறியாளருக்கான இடம் மிகச் சில. அந்தச் சில இடங்களுக்கும் பத்து வருட அனுபவம் கேட்டார்கள். ஒரு நேர்காணலில் ஒருவர் கோபமில்லாமல், அக்கறையாகவே கேட்டார்: "உங்கள் கையால் ஒரு பிளான்ட்டை ஓட்டியிருக்கிறீர்களா?" இல்லை என்றேன். "அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி வெளியேறும் நீரைப் பார்த்து, காரணம் கண்டுபிடித்திருக்கிறீர்களா?" அதற்கும் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கூடப் படித்தவர்கள் வீடு, கல்யாணம், பதவி உயர்வு என்று போய்க்கொண்டிருந்தார்கள். கடன் தவணைக்கு அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கட்டினோம். அதை இன்று எழுதும்போதும் கை கூசுகிறது.

அந்த நேர்காணலுக்குப் பிறகுதான் தேடும் சொல்லை மாற்றினேன். "கடல்" என்று தேடுவதை நிறுத்திவிட்டு கழிவுநீர், மழைநீர் வடிகால், தொழிற்சாலைக் கழிவு, வெளியேற்ற அனுமதி, கழிமுக நீர்த்தரம் என்று தேடினேன். ஒரே வாரத்தில் ஏழெட்டு இடங்கள் தெரிந்தன. காரணம் எளிமையானது. கடலை அசுத்தமாக்குவதில் பெரும்பங்கு நிலத்திலிருந்துதான் போகிறது. 2015ல் வெளியான ஒரு ஆய்வு, 2010 என்ற ஒரே வருடத்தில் நிலத்திலிருந்து கடலுக்குப் போன பிளாஸ்டிக் 48 லட்சம் முதல் 1 கோடியே 27 லட்சம் டன் வரை இருக்கும் என்று கணித்தது. பிளாஸ்டிக்காவது கண்ணுக்குத் தெரிகிறது, சாக்கடையிலும் உரத்திலும் இருக்கும் நைட்ரஜன் தெரிவதில்லை. நன்னீரில் பெரும்பாலும் பாஸ்பரஸ் பற்றாக்குறைதான் பாசியின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துகிறது. கடலோர நீரில் அந்த இடம் பெரும்பாலும் நைட்ரஜன் பற்றாக்குறைக்கு. அங்கே நைட்ரஜனை அதிகமாகக் கொட்டினால் பாசி பெருகி, செத்து, அடியில் அழுகி, ஆக்சிஜனைத் தின்றுவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால் மீன் ஓடிவிடும், ஓட முடியாதவை சாகும். மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி ஆறு கொண்டுவரும் உரத்தால் கோடைதோறும் இப்படி ஒரு பகுதி உருவாகிறது. 2017ல் அது சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வயலில் நடப்பது கடலடியில் உள்ள நண்டைக் கொல்கிறது. இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதை என் வேலை தேடலோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கடைசியில் கடலிலிருந்து வெகுதூரத்தில், ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தேன். முதுநிலைப் பட்டத்துக்கு ஒரு பைசா கூடக் கொடுக்கவில்லை. முதல் வாரம் நாற்றம் முடியில், துணியில், தலையணையில் எல்லாம் இருந்தது. மூன்றாம் வாரம் தெரியவில்லை. இதில் ஒரு ஆபத்து உண்டு, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செறிவு கூடும்போது மூக்கை மரத்துப்போகச் செய்யும். வாடை போய்விட்டது என்று நினைத்துக் குழிக்குள் இறங்கினால் திரும்ப வர மாட்டீர்கள். வாயு அளக்கும் கருவியை மாட்டாமல், மேலே ஆள் நிற்காமல் எந்தக் குழியிலும் இறங்காதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி. வேலையில் சேரும் முன்பே மருத்துவரிடம் கேட்டு டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் ஏ (ஒரு வகை மஞ்சள் காமாலை) தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையான கல்வி அங்கே ஒரு மூத்த ஆபரேட்டரிடம் கிடைத்தது. தினமும் காலையில் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவு ஜாடியில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் சேறாகத் திரண்டிருக்கும் பழுப்பு நிறக் கலவையை மொண்டு, மேசையில் வைத்து 30 நிமிடம் அசைக்காமல் விடுவார். முதல் ஐந்து நிமிடத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போர்வை மாதிரி இறங்க ஆரம்பிக்கும். அந்தப் போர்வை எவ்வளவு வேகமாக இறங்குகிறது, மேலே நிற்கும் நீர் தெளிவாக இருக்கிறதா, விளிம்பில் நூல் நூலாகத் தொங்குகிறதா என்று பார்த்தே பிளான்ட்டின் உடம்புநிலையைச் சொல்லிவிடுவார். பிறகு ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் காட்டுவார். மணி வடிவத்தில் காம்பின் மேல் நின்று, சட்டென்று சுருங்கி மறுபடி நீளும் வோர்டிசெல்லா என்ற ஒற்றைச்செல் உயிரை முதல்முறை பார்த்தபோது எனக்கு அந்தக் கப்பலில் கிடைக்காத சந்தோஷம் கிடைத்தது. காற்றை ஊதி, சேற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இந்த முறையை 1914ல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் அறிவித்தார்கள். நூறு வருடம் தாண்டியும் உலகின் பெரிய நகரங்கள் பலவற்றின் சாக்கடையை இதுதான் சுத்தம் செய்கிறது.

சேர்ந்து 8 மாதத்தில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். ஜாடியில் சேறு சரியாக இறங்காமல் உப்பிக்கொண்டு நின்றது. மேற்பார்வையாளர் விடுப்பில் இருந்தார். தொட்டியில் சேறு அதிகமாகிவிட்டது, வெளியே எடுத்தால் சரியாகும் என்று நானாக முடிவு செய்தேன். "ஒரேயடியா எடுக்காதீங்கம்மா. அமோனியாவ எடுக்கிற பாக்டீரியா மெதுவாத்தான் பெருகும், போச்சுன்னா ஒரு மாசம் ஆகும்" என்றார் ஆபரேட்டர். "இல்லண்ணே, கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்" என்றேன். சேறு தொட்டியில் தங்கும் காலத்தை 12 நாளிலிருந்து 5 நாளாகக் குறைத்தேன். அதே வாரம் குளிரும் கூடியது, அந்தப் பாக்டீரியாவுக்குக் குளிர் ஆகாது. வெளியேறும் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமாக இருந்த அமோனியா, அதாவது சாக்கடையில் நைட்ரஜன் இருக்கும் வடிவம், பத்து நாளில் 20ஐத் தாண்டியது. அதற்கு முன்பே அது 1லிருந்து 3க்கு மெல்ல ஏறிக்கொண்டிருந்ததை அறிக்கையில் பார்த்தும் நான் பொருட்படுத்தவில்லை. கடலைக் காப்பாற்ற வந்த நான், ஆறு வழியாகக் கடலுக்கு என் கையாலேயே அமோனியாவை அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

உண்மைக் காரணத்தை அந்த ஆபரேட்டர்தான் கண்டுபிடித்தார். ஆக்சிஜன் அளக்கும் சென்சார், காற்று பலமாக வரும் முனையில் இருந்தது, எப்போதும் லிட்டருக்கு 2 மில்லிகிராம், போதும் என்று காட்டும். அவர் கையில் பிடிக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு தொட்டியின் ஓரமாக நடந்து, பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி அளந்தார். மறுமுனையில் 0.4. அங்கே காற்றுக்குமிழி விடும் வட்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன. ஆக்சிஜன் பற்றாத இடத்தில் நூல்வகைப் பாக்டீரியா செழிக்கும், சேறு உப்பும். அதே பற்றாக்குறை அமோனியாவை எடுக்கும் பாக்டீரியாவையும் முன்பே நலிய வைத்திருந்தது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற சுமார் 4.57 மில்லிகிராம் ஆக்சிஜனும், கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகக் காரத்தன்மையும் வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். நடந்து போய் அளக்கத்தான் தோன்றவில்லை. வட்டுகளைச் சுத்தம் செய்தோம், சேறு எடுப்பதை நிறுத்தினோம், பக்கத்து நிலையத்திலிருந்து டேங்கரில் நல்ல சேறு கொண்டுவந்து கலந்தோம். அமோனியா பழையபடி இறங்க 5 வாரம் ஆனது. அளவு மீறிய அன்றே மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிவிட்டோம், அதை நான்தான் எழுதினேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே இடத்தில் இருக்கும் சென்சாரை நம்பாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைத் தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள், தப்பானால் அன்றே சொல்லுங்கள். பத்து நாள் மறைத்திருந்தால் என் வேலையும் போயிருக்கும், ஆற்றில் மீனும் செத்திருக்கும்.

இந்த வேலையால் கடலுக்கு ஏதாவது ஆகிறதா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் நான் பாஸ்டன் துறைமுகத்தைப் பற்றிப் படிப்பேன். அமெரிக்காவிலேயே மிக அசுத்தமான துறைமுகங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய இடம். வழக்கு, நீதிமன்ற உத்தரவு என்று போராடி, 1991 டிசம்பரில் கழிவுச் சேற்றைத் துறைமுகத்தில் விடுவதை நிறுத்தினார்கள். டியர் தீவில் புதிய நிலையம் கட்டி, 2000ல் சுத்திகரித்த நீரைச் சுமார் 15 கிலோமீட்டர் சுரங்கக் குழாய் வழியாக ஆழமான நீரில் விட ஆரம்பித்தார்கள். அந்தத் துறைமுகம் தெளிந்தது. அதைச் செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் என்னைப்போல் பம்ப், குழாய், தொட்டி என்று கணக்குப் போட்டவர்கள்தான். லண்டன் தேம்ஸ் ஆறும் அப்படித்தான். 1957ல் உயிரற்றது என்று அறிவிக்கப்பட்ட ஆற்றில், சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்திய பிறகு மீன்கள் திரும்பின.

இப்போது நிலையத்தில் 7 வருடம் ஆகிவிட்டது. கடைசித் தவணையைப் போன வருடம் கட்டி முடித்தேன். தற்போது என் நேரத்தில் பெரும்பகுதி மழைக்கால வழிதலுக்குப் போகிறது. சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய பகுதிகளில், கனமழை பெய்தால் நிலையம் தாங்காமல் சுத்திகரிக்காத நீர் நேராக ஆற்றில் இறங்குகிறது. எங்கே தேக்கத் தொட்டி கட்டினால் வழிதல் குறையும் என்று பார்க்க மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிடும் ஸ்வம் (SWMM) என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971ல் முதலில் உருவாக்கியது, இலவசமாகவே கிடைக்கிறது. அந்த 14 மாதத்தில் தினமும் ஒரு மணி நேரம் இதைக் கற்றிருந்தால் எனக்கு வேலை முன்பே கிடைத்திருக்கும். முதுநிலை வேண்டும் என்றால் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் போங்கள். எதில் ஆழமாகப் போக வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும், சில இடங்களில் நிறுவனமே செலவை ஏற்கிறது.

கல்லூரியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த விடுமுறைக்குள் ஏதாவது ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். காலை ஷிஃப்ட் தொடங்கும்போது போங்கள், ஜாடிச் சோதனை அப்போதுதான் நடக்கும். மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், கையுறை கேட்டு வாங்குங்கள், கையை முகத்தில் வைக்காதீர்கள். பொறியாளரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, மீதி நேரத்தை ஆபரேட்டரோடு செலவிடுங்கள். போன மாதம் அமோனியா எவ்வளவு இருந்தது, கடைசியாக எப்போது அளவு மீறியது, ஏன் மீறியது என்று கேளுங்கள். அந்த ஏனுக்கு அவர் சொல்லும் பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.